ஐந்தாவது ஆளின் கை

உட்கார்ந்துகொண்டு ஆட்டம் சொல்லித்தர எனக்கு வராது. நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள். அதில் என் கைப்பையும் குடையும்தான் உட்கார்ந்திருக்கும். நான் சுவரோரமாக நடந்துகொண்டே இருப்பேன். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் மேலே ஏறினால் வரும் ஒரு தோட்டத்தின் மண்டபம் அது. தகரக் கூரை, மர உத்தரங்கள், ஒரு பக்கச் சுவரில் சாமிப் படங்கள், மறு பக்கத்தில் யாருடைய கல்யாணத்துக்கோ கட்டிக் கழற்ற மறந்த காகிதப் பூக்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு அங்கே ஐந்து பெண்கள் வருவார்கள். என் இருபத்தொன்றாவது வயதில் நான் ஆடிய ஓர் ஆட்டத்தை அவர்களிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். ஒப்படைத்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த ஆட்டத்துக்குப் பாட்டு கிடையாது. வசனம் கிடையாது. ஒரு தப்பு மேளம், பத்துக் கால்கள், முப்பத்தைந்து நிமிடம். செய்தவர் அதை பாலே என்றார். தோட்டத்து லயத்து வீடுகளில் அதை ஊமையாட்டம் என்றார்கள். எந்தப் பெயரால் கூப்பிட்டாலும் நாங்கள் திரும்பிப் பார்ப்போம்.

செய்தவர், கண்டியிலிருந்து தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்த நடன ஆசிரியை. நாங்கள் டீச்சர் என்போம். பரதம் படித்தவர், படித்ததைச் செருப்புப் போல வாசலில் கழற்றிவிட்டு எங்களிடம் வந்தவர். காலையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, எதிர்மலையில் பெண்கள் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருப்பாராம். மேல்காலும் கீழ்க்காலும் ஒரே அளவில் மடங்காத அந்த ஏற்றம் அவரைத் தூங்கவிடவில்லை. சேர வருகிறவர்களுக்கு முதல் நாளே அவர் சொன்னது ஒன்றுதான்.

“கூடையக் கொண்டு வராதீங்க. கூடையோட ஒங்கள ஆட வச்சவங்க போதும்.”

அது யாரைப் பற்றிய பேச்சு என்று மலையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். பெரிய மனிதர் ஒருவர் வருகிறார் என்றால் போதும், பிள்ளைகளுக்குச் சின்னக் கூடை மாட்டி, தலைக்குச் சிவப்புத் துணி கட்டி, சிரிக்கச் சொல்லி, காற்றில் இரண்டு இலை கிள்ள வைத்துவிடுவார்கள். எங்கள் ஆட்டத்தில் கூடை இல்லை, இலை இல்லை, சிரிப்பும் இல்லை. பெரட்டு, ஏத்தம், கொழுந்து, மழை, வீடு என்று ஐந்து பகுதிகள். விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் தொடங்கி, இருட்டுக்கு முன் வீட்டு வாசலில் முடியும். ஒன்பது மேடைகளில் ஆடினோம். பிறகு இரண்டு பேர் கொழும்புக்குப் போனார்கள், ஒருத்தி திருச்சிக்குப் போனாள், ஒருத்தி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாள். ஆட்டம் எங்கும் போகவில்லை. ஆட ஆளில்லாமல் நின்றுவிட்டது.

டீச்சர் போன வருடம் இறந்துபோனார். அவர் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு வீடியோ கசெட்டை எடுத்துக் கொடுத்தார்கள். அதைப் பார்க்க ஒரு பழைய இயந்திரம் தேடி மூன்று ஊர் அலைந்தேன். போட்டால் திரை முழுக்க வெள்ளை வெள்ளையாக ஏதோ ஓடியது. முதலில் பனி என்று நினைத்தேன். பூஞ்சை. இந்த ஈரத்தில் செருப்புக்கே பூஞ்சை பிடிக்கும், கசெட்டுக்குப் பிடிக்காதா? அன்றைக்கே முடிவெடுத்தேன். என் முழங்கால் மடங்குகிற வரைக்கும்தான் இந்த ஆட்டத்துக்கு ஆயுள். அதற்குள் ஐந்து உடம்புகளில் இதை ஏற்றிவிட வேண்டும். ஹட்டனில் மண்டபம் பேசி, நாளும் குறித்தாயிற்று. நாளைக் குறித்தபின் பின்வாங்க வழியில்லை. எனக்கு நானே வைத்துக்கொண்ட கிடுக்கி அது.

அந்த நாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் பிரச்சினை வந்தது.

நான்காவது பகுதியான மழையில், ஐந்து பேரும் வரிசையாக மேடையின் நடுவைக் கடப்பார்கள். நடுவுக்கு வந்ததும் ஒவ்வொருத்தியும் தலையை இடது தோளுக்குச் சாய்த்து, முழங்காலைத் தாழ்த்தி, குனிந்து கடக்க வேண்டும். கடந்ததும் வலது கை பின்பக்கமாக மேலே எழும். நான்கு அடி தப்பு ஒலிக்கும்வரை அந்தக் கை அப்படியே நிற்கும். பிறகு அடுத்தவள். முப்பத்தைந்து நிமிடத்தில் இதுதான் இதயம் என்று நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்களிடம் மட்டுமல்ல, கேட்காதவர்களிடமும்.

கடைசி இடத்தில் ஆடுகிறவள் தபால் கந்தோரில் வேலை செய்கிறவள். முப்பத்தொரு வயது. ஐந்து பேரில் அவள்தான் எனக்கு வாய்த்த வரம். மற்றவர்கள் காலை வைத்துவிட்டுத் தரையைத் தேடுவார்கள்; இவள் கால் வருவதற்கு முன்பே தரை தயாராக இருக்கும். அந்த ஞாயிறு அவள் நடுவுக்கு வந்தாள், குனியாமல் நின்றாள்.

“அக்கா, இங்க யாருக்குக் குனியிறோம்?”

“யாருக்கும் இல்லம்மா. பாரத்துக்கு.”

“எந்த பாரத்துக்கு? கூடையே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“கூடை இல்லாட்டியும் பாரம் இருக்கு. தலைமுறை தலைமுறையா நாம குனிஞ்ச குனிவு அது. அதுக்கப்புறம் அந்தக் கை மேல போகுதில்ல, அது வானத்தக் கேக்குற கை. அதுக்கடுத்து வர்ற அசைவு காத்து…”

“நிப்பாட்டுங்க அக்கா. தலைமுறையா குனிஞ்சிட்டோம், சரி. அத தலைமுறையா ஆடிக் காட்டிக்கிட்டும் இருக்கணுமா?”

தப்படிக்கிற அண்ணன் கையை மேளத்தின் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஹட்டனில் துணிக்கடையில் நிற்கிற பெண், “ஐயோ, தபால்காரி முத்திரை குத்திட்டா,” என்று சிரிக்கப் பார்த்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

தபால்காரி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “எட்டாம் வகுப்புல எனக்குக் கூடை மாட்டிவிட்டாங்க,” என்றாள். “ரோட்டோரத்துல, தூறல்ல, ரெண்டு மணி நேரம் நின்னோம். வாகனம் வந்திச்சி. குனிஞ்சி பூ போடச் சொன்னாங்க. குனிஞ்சோம். கண்ணாடியக் கூட எறக்கல. ஒங்க ஆட்டத்துல கூடை இல்லன்னதாலதான் நான் வந்தேன். மத்தது எதுன்னாலும் செய்றேன். இது மட்டும் என்னால ஏலாது.”

“அத எடுத்தா ஆட்டம் இல்ல.”

“அப்ப நான் இல்ல அக்கா.”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வாசலுக்கு வெளியே பனி நின்றது. நான்கு எட்டுக்கு அப்பால் அவள் குடை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.

ஒருத்தி போனால் இன்னொருத்தி என்று விட முடியாது. ஞாயிற்றுக்கிழமையை இழக்கச் சம்மதிக்கிற ஐந்து பேரைச் சேர்க்க எனக்கு ஏழு மாதம் ஆனது. கொழுந்து அதிகமான மாதத்தில் ஞாயிறும் வேலை நாள். கடையில் நிற்பவர்களுக்கு லீவு கெஞ்சி வாங்க வேண்டும். நான்கு பேரை வைத்து ஆடலாமா என்று பஸ்ஸில் போட்டுப் பார்த்தேன். கண்ணை மூடி, விரல்களைக் கால்களாக்கி, மடியில் ஆடிப் பார்த்தேன். நடுவைக் கடக்கிற இடத்தில் நான்கு விரலும் தடுமாறின. இடைவெளி ஐந்து பேருக்கு வெட்டியது. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

குனிவை எடுத்துவிடலாமா? அதையும் யோசித்தேன். இரண்டு நாள் நன்றாகவே யோசித்தேன். எடுத்துவிட்டு ஆடினால் யாருக்கும் தெரியாது. டீச்சர் இல்லை, கசெட் இல்லை, கேட்க ஆளில்லை. அந்த நினைப்புத்தான் என்னைச் சுட்டது. கேட்க ஆளில்லை என்பதற்காக மாற்றினால், நான் ஒப்படைக்கிறவள் இல்லை, பூஞ்சை.

கேட்க ஒரே ஒரு ஆள் இருந்தாள். ராகலைக்குப் பஸ் ஏறினேன்.

அந்த ஐவரில் இந்த மலையில் மிஞ்சியவர்கள் நானும் அவளும்தான். நான் கடைசி ஆள், அவள் முதல் ஆள். பதினொரு வருடம் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பி, இப்போது ராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் இருக்கிறாள். நான் போனபோது இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று, தொட்டிலில் இரண்டு.

“வா டீ. என்னா, கல்யாணக் கார்டா? இந்த வயசுல?”

“வாயக் கழுவு. ஆட்டம் சொல்லிக் குடுக்கிறேன்னு போன்ல சொன்னேன்ல.”

“சொன்னே சொன்னே. என்னையும் ஆடச் சொல்லுவியோன்னு பயந்துதான் அடுத்த தடவ போன எடுக்கல. முட்டி ரெண்டும் போயிருச்சி. ஒக்காந்தா எழும்ப ஒரு ஆளு வேணும்.”

“ஆட வேணாம். ஒரு புள்ள குனிய மாட்டேங்குது.”

“எங்க குனியிறது?”

“மழையில. நடுவுல.”

அவள் இடுப்பிலிருந்த குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். என்னையே பார்த்தாள். புருவம் இரண்டும் நெருங்கி வந்தன.

“அதுக்கு அவ ஏன் குனியணும்?”

“நீயுமா டீ?”

“இல்ல, எனக்கு வெளங்கல. நீ என்னாத்த சொல்லிக் குடுக்குற? ஞாயித்துக்கெழம வர்றேன். ஆடிக் காட்டு. சோறு போடணும், ஆமா. அங்க வந்து டீயக் குடிச்சிட்டுத் திரும்பிற ஆளு இல்ல நான்.”

தபால்காரிக்கு அன்றைக்கே போன் செய்தேன். ஆட வேண்டாம், பார்த்துவிட்டுப் போ, இந்த ஒரு ஞாயிறு மட்டும் என்றேன். “வர்றேன். ஆனா செருப்பக் கழட்ட மாட்டேன்,” என்றாள்.

சொன்னபடியே வந்தாள். வாசற்படியில் செருப்போடு, கையில் குடையோடு நின்றாள். ராகலையிலிருந்து வந்த என் கூட்டாளிக்கு நாற்காலியைக் கொடுத்தேன். என் பை முதல் தடவையாகத் தரைக்கு இறங்கியது. நான்கு பெண்கள் முன்னால், ஐந்தாவது இடத்தில் நான். தப்பு தொடங்கியது. முதல் பெண் நடுவுக்கு வந்து, தலை சாய்த்து, குனிந்து கடந்து, பின்னால் கையை உயர்த்தினாள். உள்ளங்கை விரிந்து, வானத்தைப் பார்த்து, நான் சொல்லித்தந்த மாதிரியே. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. பிறகு நான் குனிந்தேன், முட்டி நறுக்கென்றது, பொருட்படுத்தவில்லை, கடந்தேன், கையை உயர்த்தினேன். இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு கோவில் திருவிழா மேடையில் அந்தக் கையைப் பார்த்து அழுதவர்கள் இருக்கிறார்கள்.

என் கூட்டாளி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, பொத்தியும் முடியாமல், இருமல் வரும்வரைக்கும் சிரித்தாள். தப்பு நின்றுவிட்டது.

“ஏய்… ஏய்… அது தராசுக் கொக்கி டீ!”

“எது?”

“நடுவுல! குனிவாம்! யாரு டீ குனிஞ்சா? மண்டையில படாம ஒதுங்கினோம்!”

அவள் சொல்லச் சொல்லத்தான் ஒவ்வொன்றாக விளங்கியது. முதல் இரண்டு மாதம் அவர்கள் ஆடிப் பழகியது கொழுந்து மடுவத்தில், அதாவது பறித்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகையில். சாயந்திரம் நிறுத்து முடிந்து லொறி போனபின், தளம் காலியாக இருக்கும். கணக்கப்பிள்ளை தராசைக் கழற்றிப் பூட்டி வைத்துவிடுவார். ஆனால் தராசு தொங்குகிற கொக்கி உத்தரத்திலிருந்து சங்கிலியோடு அப்படியே தொங்கும், மடுவத்தின் நட்ட நடுவில், சரியாக நெற்றி உயரத்தில். அதைக் கழற்ற அவர்களுக்கு அனுமதி இல்லை. நடுவைக் கடக்காமல் ஆடவும் வழியில்லை.

“மொத நாளே எனக்குப் பட்டிருச்சி. நான்தானே முன்னால. இந்தா பாருங்க,” என்று தலைமுடியை இடது பக்கம் விலக்கிக் காட்டினாள். வகிட்டுக்குப் பக்கத்தில் அரை விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. “நாலு தையல்.”

அந்தத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன். எத்தனையோ தடவை அவளுக்குத் தலை பின்னிவிட்டிருக்கிறேன். அவள் புருஷன் கை நீட்டுகிறவன். அதனால் அந்தத் தழும்பையும் அவன் தலையில் போட்டுவிட்டு, கேட்டால் அவளுக்கு வலிக்கும் என்று இருபத்தைந்து வருடம் கேட்காமல் இருந்தேன். நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“நான் எங்க டீ இருந்தேன் அப்ப?”

“நீ எங்க இருந்தே? நீதான் அப்பறமா வந்தவளாச்சே. எனக்கு மண்ட ஒடஞ்சது ரெண்டு மாசம் கழிச்சி தோட்டத்துத் தொரை காதுக்குப் போயி, மடுவத்துல ஆடக் கூடாதுன்னுட்டாரு. ஸ்கூல் ஹோலுக்கு மாறினோம். அந்த நேரந்தான் கடைசியில ஆடினவளுக்குக் கல்யாணம் முடிவாயி, நீ அந்த எடத்துக்கு வந்தே. கொக்கிய நீ பார்த்ததே இல்ல.”

பார்த்ததே இல்லை. வெறும் தரையில் நான்கு பேர் தலை சாய்ப்பதைப் பின்னாலிருந்து பார்த்தேன், நானும் சாய்த்தேன். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் எதற்கும் காரணம் உண்டாக்கத் தெரியுமே.

வாசற்படியிலிருந்து தபால்காரி குரல் வந்தது. “அப்ப அந்தக் கை?”

“எந்தக் கை? ஆ, அதுவா. எனக்குப் பட்டதுக்கப்பறம் டீச்சர் ஒரு யோசன சொன்னாங்க. கடந்து போறவ கைய பின்னால விட்டு கொக்கியப் புடிச்சிக்கிட்டு நிக்கணும். அடுத்தவ கடந்ததும் அவ புடிச்சிக்குவா. ஆடுற கொக்கிதானே ஆபத்து. புடிச்சிக்கிட்டா ஆடாது.” கையைப் பின்னால் நீட்டிப் பிடித்துக் காட்டினாள். விரல்கள் மூடின. வானத்தைக் கேட்கிற கை இல்லை. இரும்பைப் பிடிக்கிற கை.

“நான் விரிச்சில்ல வச்சேன்,” என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

“நீ எப்பவும் விரிச்சித்தான் வச்சே. ஒனக்குப் பின்னாலதான் யாருமே இல்லையே. ஒனக்கு எதுக்குப் புடிக்கணும்? அழகுக்கு வைக்கிறேன்னு நாங்க விட்டுட்டோம். டீச்சருக்கும் புடிச்சிருந்திச்சி.”

“அதுக்கடுத்து வர்ற காத்து?” துணிக்கடைப் பெண் ஆவலை அடக்க முடியாமல் கேட்டாள். ஐந்தாவது பகுதி அந்த அசைவில்தான் தொடங்குகிறது. திரும்பி நிற்கும் நான்கு பேரும் ஒரு பக்கம் சாய்ந்து, மறு பக்கம் சாய்ந்து நிமிர்வார்கள். மலைக்காற்று என்று சொல்லித்தந்திருந்தேன்.

“காத்தா! கல்யாணமாகிப் போனாளே அந்தச் சண்டாளி, கடைசியா வர்றவ, அவ போற போக்குல கொக்கிய ஒரு தள்ளுத் தள்ளிட்டுப் போவா. குறும்பு. அது விசுக்குன்னு வரும், நாங்க நாலு பேரும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம்… டீச்சர் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இது இருக்கட்டும்ன்னாங்க. இவ வந்தப்பறம் தள்ள ஆள் இல்ல. நாங்க மட்டும் ஆடிக்கிட்டிருந்தோம்.”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. தப்படிக்கிற அண்ணன் மேளத்தை முட்டுக்கொடுத்துக்கொண்டு சிரித்தார். நான் சுவரோரமாக ஒரு சுற்று நடந்தேன். குனிவு போயிற்று. வானம் போயிற்று. காற்றும் போயிற்று. இவ்வளவு காலம் என் வாயால் நான் வளர்த்த மூன்றும் ஒரு கொக்கியில் தொங்கின. வெட்கம் காதுவரை சுட்டது. ஆனால், வெட்கப்பட அது நேரமில்லை. பதினைந்து நாள்தான் இருந்தது. இரண்டாவது சுற்று நடக்கும்போது உத்தரத்தைப் பார்த்தேன்.

“யார்ட்டயாச்சும் கொடிக்கயிறு இருக்கா?”

பக்கத்து லயத்திலிருந்து கயிறு வந்தது, ஈரத் துணி இரண்டை யார் தலையிலோ கட்டிவிட்டு. கொக்கிக்கு எங்கே போவது? என் கூட்டாளி நாற்காலியில் இருந்தபடியே மண்டபக் கதவைக் காட்டினாள். கதவின் பெரிய இரும்புப் பூட்டு. தப்படிக்கிற அண்ணன் பெஞ்சில் ஏறி உத்தரத்தில் கயிற்றைப் போட்டு, பூட்டை நெற்றி உயரத்துக்கு இறக்கினார்.

“பட்டா?” என்றாள் துணிக்கடைப் பெண்.

“பட்டா தெரியும்,” என்றாள் என் கூட்டாளி.

தப்பு தொடங்கியது. முதல் பெண் நடுவுக்கு வந்தாள். இவ்வளவு வாரமும் அழகாகத் தலை சாய்த்தவள், அன்று சாய்க்கவில்லை. தலை தானாக விலகியது. முழங்கால் தானாக இறங்கியது. கண் பூட்டை விட்டு அகலவில்லை. நான் எவ்வளவு கத்தியும் வராத ஒன்று அந்தக் கழுத்தில் வந்து உட்கார்ந்தது. அவள் கடந்து, பின்னால் கை நீட்டி, தடவி, பிடித்தாள். அடுத்தவள் நிமிர்ந்த முதுகோடு, சும்மா ஒரு சாய்வில், பத்திரமாகக் கடந்தாள். ஒருத்தி பிடிக்க ஒருத்தி போனாள். நான்காவது பெண் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்கு அடி தப்பு. அவளுக்குப் பின்னால் வர வேண்டிய ஆள் வாசலில் நின்றாள்.

தப்பு மறுபடி நான்கு அடி அடித்தது. பிடித்திருந்த பெண் வாசல் பக்கம் திரும்பினாள். “ஏ புள்ள, கை வலிக்கிது. வர்றியா இல்லையா?”

தபால்காரி குடையைச் சுவரில் சாய்த்தாள். ஒரு செருப்பு, பிறகு மறு செருப்பு. உள்ளே வந்து வரிசையில் நின்று, நடந்து, நடுவுக்கு வந்து பூட்டைக் கண்ணுக்குக் கண் பார்த்தாள். தலையை விலக்கிக் கடந்தாள். பின்னால் கை போனது. பூட்டு அவள் கைக்கு மாறியது. நான்காவது பெண் விடுபட்டு ஓடினாள்.

“கடைசி ஆளு என்ன அக்கா செய்யணும்?” அவள் என்னிடம்தான் கேட்டாள். கை பூட்டில் இருந்தது.

கேள்வி எனக்குப் புரிந்தது. அந்த இடம் என்னுடையது. இரண்டு கைகள் அந்த இடத்தில் ஆடியிருக்கின்றன: நான் பார்த்தே இராத ஒரு பெண்ணின் குறும்புக் கை, அழகுக்கு விரிந்த என் கை. ஒன்றைச் சொல்ல வேண்டும். டீச்சருக்கும் பிடித்திருந்தது என்று என் கூட்டாளி சொன்னாளே, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் தொங்கினேன். அந்த விரிந்த கையால்தான் என்னை இந்த மலையில் நான்கு பேருக்குத் தெரியும். அதை இவளிடம் கொடுத்துவிட ஆசைப்பட்டேன். கொடுத்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். ஆனால், அடுத்து இவளிடம் ஒருத்தி வந்து, இங்கே ஏன் கை என்று கேட்பாள். அதற்கு இவள் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். என்னிடம் இல்லாத பதில்.

“தள்ளு,” என்றேன்.

தள்ளினாள். எட்டாம் வகுப்பிலிருந்து சேர்த்து வைத்த தள்ளு. பூட்டு விசுக்கென்று உத்தரத்தைத் தொடப் போய்த் திரும்பியது. நான்கு பெண்களும் அலறிக்கொண்டு ஒதுங்கினார்கள். பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்ற தப்படிக்கிற அண்ணன் மேளத்தைத் தலைக்குப் பிடித்தார். “கொல்லப் பாக்குறியா டீ?” என்று துணிக்கடைப் பெண் கத்தினாள். தபால்காரி சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

அதன்பின் வந்த இரண்டு ஞாயிறும் பூட்டோடுதான் பழகினோம். கடைசிப் பழக்கத்தில் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். வெறும் இடத்தில் பூட்டு இருந்த உயரம் ஒரு விரல்கூட மாறாமல் ஐந்து கழுத்துகளும் விலகின. என் கூட்டாளி இரண்டு ஞாயிறும் ராகலையிலிருந்து வந்தாள், சோற்றுக்கு என்று சொல்லிக்கொண்டு. முதல் நான்கு பேருக்கும் விரல் மூடுகிற விதத்தை அவள்தான் திருத்தினாள். நான் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். விளக்கம் சொல்ல நாக்குத் துறுதுறுத்தபோதெல்லாம் வெளியே போய் மழையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஹட்டனில் ஆட்டம் பகல் மூன்று மணிக்கு, கடைசி பஸ்ஸுக்குள் எல்லோரும் வீடு சேர வேண்டுமே. நானும் என் கூட்டாளியும் முன்வரிசையில் உட்கார்ந்தோம். நான் உட்கார்ந்தேன், ஆமாம். எனக்கு மேடையில் வேலை எதுவும் இல்லை. பெரட்டு போனது. ஏத்தம், கொழுந்து போயின. மழை வந்தது. ஒருத்தி விலகினாள், பிடித்தாள். ஒருத்தி கடந்தாள், பிடித்தாள். எனக்குப் பின்னால் யாரோ ஒருவர், “என்னத்தடா புடிக்கிறாங்க?” என்று மெதுவாகக் கேட்டார். “அந்தா, அதத்தான்,” என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார், தெரிந்தவர் போல. தபால்காரி கடைசியாக வந்தாள். யாருக்கும் குனியாமல் அதைக் கடந்தாள். கையைப் பின்னால் விட்டுப் பிடித்தாள். நான்கு அடி. முகத்தைச் சபைப் பக்கம் திருப்பினாள்.

தள்ளினாள். தள்ளிய கை விரிந்து நின்றது. தள்ளினால் கை விரியத்தானே செய்யும். நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேடையில் நான்கு பேரும் ஒரு பக்கம் சாய்ந்தார்கள். முன்வரிசையில் நாங்கள் இரண்டு பேரும் தலையை விலக்கினோம். அவள் இடது பக்கம், நான் வலது பக்கம்; இரண்டு மண்டையும் நடுவில் நங்கென்று இடித்துக்கொண்டன.

“பட்டிருச்சா டீ?” என்றாள், தழும்பு இருந்த இடத்தைத் தேய்த்தபடி.

“பட்டிருச்சி,” என்றேன்.